சொன்னபடி கேட்கும் பூனை

சொன்ன சொல்லைத் தட்டாமல் அப்படியே நிறைவேற்றுகிற ஜீவன் ஒன்றாவது இந்த உலகத்தில் அகப்படாதா என்ற ஏக்கம், ஆபீசில் சிப்பந்திகளையும் வீட்டில் பிள்ளைகளையும் ஆயுள் முழுதும் ஏவிப் பார்த்துக் களைத்துப்போன என்னைப் போன்றவர்களுக்கு ஏற்படுவது சகஜந்தான். அத்தகைய ஜீவன் ஒன்று இருக்கிறது. ஆரஞ்சு நிறப் பூனையாக அவதரித்து, என் பேத்தியின் லேப்டாப்பில் வாசம் செய்கிறது. அதனுடன் பழகிய பிறகுதான், சொன்னபடி கேளாதவர்கள் இத்தனை காலமும் எனக்குச் செய்துவந்த உபகாரம் எவ்வளவு மகத்தானது என்று விளங்கிற்று.

பூனையின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. சர்வகலாசாலையின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரும் அவருடைய குழுவினரும், 8 முதல் 16 வரை பிராயமுள்ள குழந்தைகளை உத்தேசித்து ஆக்கி, 2007-ல் உலகத்துக்கு இலவசமாக வழங்கிய ஸ்க்ராட்ச் என்னும் கணினி மொழியின் பிரதான பாத்திரம் இது. (அந்த வயது வரம்பின் எந்தப் பக்கத்தில் நான் நிற்கிறேன் என்பது வாசகருக்கு அநாவசியம்.) இதற்கும் முன்னால், 1967-ல், சீமர் பாப்பர்ட் முதலியோர் குழந்தைகளுக்காகவே லோகோ என்ற கணினி மொழியை உண்டாக்கினார்கள். அதில் ஆணைக்குக் கட்டுப்பட்டு ஊர்ந்து கோடு கிழித்தது ஓர் ஆமை. ஆமையின் வம்சத்தில் பூனை பிறப்பது பிராணி சாஸ்திரத்துக்கு விரோதம். கணினி சாஸ்திரத்துக்கு அல்ல.

ஸ்க்ராட்சில் ஆணைகளைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. நகர்வதற்கு நீலம், திரும்பத் திரும்பச் செய்வதற்கு ஆரஞ்சு என்று வர்ணம் தீட்டிய கட்டைகள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் மேட்டை மற்றொன்றின் பள்ளத்தில் பொருத்த வேண்டியதுதான். பொருந்தக் கூடாதது பொருந்தாது. ஆகவே இலக்கணப் பிழைக்கு இடமே கிடையாது. என் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் இதைக் கண்டிருந்தால் தம் பிரம்புக்கு நிரந்தர ஓய்வு அளித்திருப்பார்.

பூனை நடமாடும் மேடை 480 அலகு அகலம், 360 உயரம். பச்சைக் கொடியை அழுத்தினால் நாடகம் தொடங்கும். "10 அடி நகர்" என்ற கட்டையை "எப்போதும்" என்ற கட்டைக்குள் வைத்துக் கொடியை அழுத்தியதும், கால் அசையாமல், உற்சவ மூர்த்தி பவனி வருவதுபோல் பூனை ஒரே சறுக்காகப் போயிற்று. கால்களின் நிலை மட்டும் மாறுபட்ட இரண்டு படங்கள் பூனைக்கு உண்டென்றும், அவற்றை மாற்றி மாற்றிக் காட்டினால் நடப்பதாகக் கண் நம்பிவிடும் என்றும் பேத்தி உபதேசித்தாள். சினிமா என்னும் மாயைக்கே இதுதானே மூலாதாரம்! அப்படியே செய்தோம். கணினியோ விநாடிக்கு 30 தடவை அந்த ஆணையை நிறைவேற்றுகிறது. ஆதலால் பூனை இரண்டு விநாடிக்குள் மேடையைக் கடந்து, வலது ஓரத்துக்கு அப்பால் உடம்பை மறைத்துக்கொண்டு, வால் மட்டும் தெரிய, எங்கும் போகாமல் ஓயாது நடந்துகொண்டிருந்தது. "எப்போதும்" என்றால் எப்போதுந்தான்.

"ஓரத்தைத் தொட்டால் திரும்பு" என்ற கட்டையையும் சேர்த்தேன். பூனை திரும்பியது. எப்படித் தெரியுமா? தலை கீழாகவும் கால்கள் ஆகாயத்தை நோக்கியும், சிரித்த முகம் மாறாமல், இடது பக்கமாக நடந்து வந்தது.

"என்னடி இது அக்கிரமம்!" என்றேன்.

"நீங்க திரும்பச் சொன்னீங்க தாத்தா, அது 180 டிகிரி திரும்பிடுச்சு. தலை மேல இருக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே!"

நாலு கால் பிராணி பாதத்தைத் தரையில் ஊன்றி நடக்க வேண்டும் என்பதைக்கூட ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? வேண்டாம் என்பதே இன்றளவும் என் கட்சி. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே பரமார்த்த குருவின் சீடர்களைச் சிருஷ்டித்துவிட்டார். விழுந்தால் எடுக்க வேண்டிய பொருள்களுக்கு ஜாபிதா எழுதி வாங்கிக்கொண்டு, குதிரையிலிருந்து குருவே விழுந்தபோது, அவர் பெயர் ஜாபிதாவில் இல்லை என்று அவரைக் கிடந்தபடியே விட்டுவிட்ட அந்த மகான்கள், இன்றைக்கு இருந்தால் முதல்தரமான கணினிகளாக விளங்கியிருப்பார்கள். "கொஞ்சம் காப்பி" என்று நான் கூடத்திலிருந்து குரல் கொடுத்தால், டபரா, டம்ளர், சர்க்கரை, சூடு ஆகிய சகலத்தையும் என் மனைவி தானே ஊகித்துக்கொள்கிறாள். எனக்குச் சர்க்கரை ஆகாது என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்து. பூனையிடம் கேட்டிருந்தால் உள்ளங்கையில் ஊற்றியிருக்கும்.

பேரப்பிள்ளைகளிடம் இந்த வித்தையைப் பயில உத்தேசித்திருக்கும் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீலக் கட்டைகளுக்கிடையே, பூனை இடமும் வலமுமாக மட்டுமே திரும்பலாம் என்று விதிக்கும் கட்டை ஒன்று இருக்கிறது. கொடிக் கட்டைக்கு அடியில் முதல் காரியமாக அதை மாட்டிவிடுங்கள். அவர்கள் சிரிப்பதற்கு வேறு காரணம் தேடிக்கொள்ளட்டும்.