அருவிக்குப் பூட்டு, சரக்குக்கு டோக்கன்

2020 ஜூலை. கொரோனா ஊரடங்கு. குற்றாலத்தில் தண்ணீர் கொட்டியது. சாரல் வந்தது. காற்று வந்தது. போலீஸும் வந்தது. குளிக்கத்தான் ஆள் வரவில்லை.

எங்கள் அம்பையிலிருந்து கடையம் வழியாகக் கிளம்பினால், ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் குற்றாலம். ஆனால் 2019 நவம்பரில் தென்காசியைத் தனி மாவட்டமாக வெட்டிவிட்டார்கள். அதனால் அந்த ஜூலையில் மாவட்ட எல்லை தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போகவே இ-பாஸ். கல்யாணம், சாவு, வைத்தியம் என்றால் கிடைக்கும். குளிக்கப் போகிறேன் என்றால் கிடைக்காது. இருபது வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த தாத்தாக்கள் மறுபடி செத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, உள்ளூரிலேயே முங்கி எழலாம் என்றால், அகஸ்தியர் அருவி மூடல். மணிமுத்தாறு மூடல். ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு மலைக்கோயில் சொரிமுத்து அய்யனாரே தனிமைப்படுத்தப்பட்டார்.

பூட்டியது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆஸ்திரியாவில் இஷ்கல் என்று ஒரு பனிச்சறுக்கு ஊர். 2020 மார்ச்சில் அங்கே கூத்தடித்தவர்கள் மூட்டைமுடிச்சோடு கொரோனாவையும் கட்டிக்கொண்டு நாடு நாடாகப் போய் இறங்கினார்கள். ஈரத்தலையோடு இடித்துக்கொண்டு நிற்கிற அருவிக்கரையிலும் அது நடக்கலாம். கேட்பது வேறு. பூட்டிய நாளுக்குக் கூலி யார் கொடுத்தது?

பிரான்ஸில் 2020-21 குளிர்காலம் முழுக்கப் பனிமலை லிஃப்டுகளை நிறுத்திவைத்தார்கள். முதலாளிகள் கத்தினார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற நிலையான செலவில் 70 சதவீதத்தை நாங்கள் தருகிறோம் என்றது அரசு. சில மாதச் சீசனில் வருஷச் சோற்றைச் சம்பாதிக்கிற தொழில் இது என்பது அங்கே யாருக்கோ தெரிந்திருக்கிறது. அமெரிக்காவில் வெய்ல் என்று ஒரு கம்பெனி. பெயர்தான் வெய்ல், விற்பது பனி. சீசன் பாதியில் கடையைச் சாத்தியதற்காக, பாஸ் வாங்கியவர்களுக்கு அடுத்த வருஷப் பாஸில் கழித்துக் கொடுத்தது.

நமக்கும் சீசன் உண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், மங்குஸ்தான் விற்கிற அக்கா, நேந்திரம் சிப்ஸ் போடுகிறவர், துண்டு விற்கிறவர், லாட்ஜில் வாளி தூக்குகிற பையன், வேன் ஓட்டுகிறவர். இவர்களுக்கும் நிலையான செலவு உண்டு. அதற்கு வயிறு என்று பெயர். அதில் 70 சதவீதம் யாரும் தரவில்லை.

தரவே இல்லை என்று சொன்னால் பாவம். 2020-ல் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் வந்தது. 2021-ல் இரண்டு தவணையாக 4,000, கூடவே 14 மளிகைப் பொருள். நடுவில் பொங்கலுக்கு 2,500. அது தேர்தல் சீசன். அந்தச் சீசன் மட்டும் ஒரு வருஷமும் பொய்த்ததில்லை. 2021 ஏப்ரல் 6-ல் ஓட்டுப் போட்டோம். அதுவரை மைதானம் மைதானமாகக் கூட்டம் கூட்டினார்கள். கொரோனா மரியாதையாக ஒதுங்கி நின்றது. ஏப்ரல் 20-ல் சுற்றுலாத் தலங்களுக்குத் தடை. மை காய்வதற்குள் அருவி காய்ந்தது. ஆட்சி மாறியது. பூட்டு மாறவில்லை.

எந்த ஆட்சி வந்தாலும் அரசாங்கத்துக்கு ஒரு கடையை எப்படித் திறப்பது என்று மட்டும் நன்றாகத் தெரியும். 2020 மே 7-ல் டாஸ்மாக்கைத் திறந்தார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். 15-ல் தடை வாங்கினார்கள். 16-ல் ஷட்டர் தூக்கினார்கள். டோக்கன் உண்டு, தடுப்புக்கட்டை உண்டு, இடைவெளி விட்டு நிற்க வட்டம் உண்டு, காவலுக்குப் போலீஸ் உண்டு. இவ்வளவு திறமையை ஐந்தருவியில் பார்த்ததுண்டா? ஒரு வட்டம் போட்டிருந்தால் போதும், வரிசையில் நின்று குளித்துவிட்டு வந்திருப்போம். அடுத்த வருஷமும் அதே கதை. டாஸ்மாக் எங்கள் பக்கம் ஜூன் 14-ல் திறந்தது. குற்றாலம் டிசம்பரில் திறந்தது. தண்ணீருக்கும் 'தண்ணி'க்கும் நடுவே ஆறு மாதம்.

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. வேன் கடனுக்கு 2020 ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றார்கள். வட்டி மட்டும் நிற்காமல் ஏறியது. தள்ளுவண்டிக்காரருக்கு 10,000 ரூபாய். தானமில்லை, கடன். வியாபாரமே செய்யக்கூடாது என்று பூட்டிவிட்டு, வியாபாரம் செய்யக் கடன்.

அதையும் மிஞ்சினார்கள். 2021 ஜூன் 28-ல் நிதியமைச்சர் சுற்றுலாவைக் கைதூக்கிவிட்டார். அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிக்கு 1 லட்சம் வரை கடன். சுற்றுலா நிறுவனத்துக்கு 10 லட்சம் வரை கடன். நாடு முழுக்க அந்த வழிகாட்டிகள் 10,700 பேர். காரையாற்றுக்கும் மாஞ்சோலைக்கும் வழி காட்டுகிறவரிடம் ஜீப் இருக்கும், மலை மனப்பாடமாக இருக்கும். அரசு முத்திரை எங்கே இருக்கும்? வழிகாட்டி என்பதற்கே அவர் வழி தேட வேண்டும்.

கடைசியாக ஒரு வெகுமதி. இந்தியாவுக்கு வருகிற முதல் 5 லட்சம் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா இலவசம். அறிவித்த அன்றைக்குச் சுற்றுலா விசாவையே நிறுத்திவைத்திருந்தார்கள். சலுகைக்குக் கடைசி நாள் 2022 மார்ச் 31. நாட்டுக்கு நாடு போட்ட தனி ஒப்பந்தத்தில் பறந்தவை போக, வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி கிளம்பியது 2022 மார்ச் 27.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஐந்து நாள். 5 லட்சம் விசா. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வெள்ளைக்காரர்.

எண்ணெயைச் சூடு பண்ணி வையுங்கள், அண்ணாச்சி.