பறட்டைத்தலையும் வீட்டுக் க்ரீமும்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஈரப்பத ஆய்வு

புதுக்கோட்டை மாவட்டத்தின் கல்வெட்டுகளைப் படித்தாயிற்று, கண்மாய்களை எண்ணியாயிற்று, தொண்டைமான்களின் வம்சாவளியை எழுதியாயிற்று. மாவட்டத்து மக்களின் தலைமுடியை மட்டும் அறிஞர்கள் சீண்டவேயில்லை. இந்த அலட்சியத்தால் ஏற்பட்ட வெற்றிடத்தில்தான் மிக்ஸி புகுந்தது. வடிகஞ்சி, சோற்றுக்கற்றாழை, கொதிக்கவைத்து வடித்த ஆளிவிதைக் குழம்பு, கொஞ்சம் கிளிசரின், பெயருக்குச் சில சொட்டுத் தேங்காயெண்ணெய். இவற்றை அடித்துக் கலக்கி, குளித்த தலையில் தடவி, அலசாமல் அப்படியே விட்டுவிடுவது இன்றைய வழக்கம். முடி சிலும்பாது, சீப்பில் ஒட்டிக்கொண்டு குத்திட்டும் நிற்காது என்பது இந்தக் க்ரீமுக்குச் சொல்லப்படும் இரட்டைப் பலன். நாம் நிறுவப் புகுவது இதுதான்: சிலும்பலும் சீப்பு மின்சாரமும் ஒரே நேரத்தில் ஒரே தலையில் குடியிருக்க முடியாதவை. முன்னது ஈரக்காற்றின் பிள்ளை, பின்னது வறண்ட காற்றின் பிள்ளை. ஆகவே இந்தக் க்ரீம் இம்மாவட்டத்தில் பெரும்பாலும் இல்லாத நோய்க்கு மருந்தாகவும், இருக்கும் நோய்க்குத் தீனியாகவும் அமைகிறது.

முதலில் மின்சாரம். பிளாஸ்டிக் சீப்பால் தலையை வாரிக் காகிதத் துணுக்குகளைத் தூக்கிக் காட்டும் சோதனையைப் பள்ளியில் பார்க்காதவர் இல்லை. அது வெற்றிபெற இரண்டு நிபந்தனைகள் உண்டு: தலையில் எண்ணெய் இருக்கக்கூடாது, காற்றில் ஈரம் இருக்கக்கூடாது. ஐப்பசி அடைமழையில் எந்த அறிவியல் ஆசிரியரும் இதைச் செய்துகாட்டத் துணியமாட்டார். ஈரக்காற்றில் உராய்வு மின்சாரம் தங்காமல் கசிந்து போய்விடும். முடி குத்திட்டு நிற்பதைப் பற்றிய புலம்பலெல்லாம் பனிக்காலத்தில் ஜன்னலை அடைத்து, ஹீட்டர் போட்டு, வீட்டுக்குள் காற்றை அப்பளமாய்க் காய வைக்கும் நாடுகளில் பிறந்தது. மணமேல்குடியிலும் ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் உப்புக்காற்று வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒருவர் முடி மின்சாரத்தால் நிற்கிறது என்று சொன்னால், அவர் வேறு யாருடைய வியாதியையோ கடன் வாங்கியிருக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து சிலும்பல். மனித முடி ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் தடிக்கும், நீளும். முற்றிலும் வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்குப் போனால் நீளம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். முடியை உருவாக்கும் கெரட்டின் இழைகளைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் அவிழ்த்துவிடுகிறது. ஒவ்வொரு முடியும் அதனதன் பிறவிக் கோணலுக்குத் திரும்புகிறது. ஜெனீவாவைச் சேர்ந்த ஓராஸ் பெனடிக்ட் தெ சோசூர் என்ற அறிஞர் இதைக்கொண்டே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்து, 1783இல் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். நம் வாதத்துக்கு உயிரான செய்தி, அவர் முடியைக் கருவியில் பூட்டும் முன் செய்த காரியம். சோடா உப்புக் கரைசலில் கொதிக்கவைத்து அதன் எண்ணெய்ப் பசையை நீக்கினார். பசை இருக்கும் முடி காற்றின் ஈரத்தைச் சரியாகச் சொல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஷாம்பூ போட்டு எண்ணெயை முழுக்க வழித்துவிட்டு அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருபவர், தாமறியாமல் தம் தலையை ஓர் ஈரமானியாக மாற்றிக்கொண்டு பயணம் செய்கிறார். அதன் பிறகு அந்த ஈரமானி துல்லியமாக வேலை செய்கிறது என்று கோபித்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

இந்த நிலையில் க்ரீம் என்ன செய்கிறது? அதில் பெரும்பங்கு தண்ணீர். கிளிசரினோ எங்கே ஈரம் கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. கடலோரத்தில் அதைத் தலையில் தடவுவது வங்காள விரிகுடாவுக்குப் பத்திரிகை வைத்து அழைப்பதற்குச் சமம். கஞ்சியும் ஆளிவிதைக் குழம்பும் காய்ந்ததும் முடிமேல் ஒரு படலமாகி அதைப் பிடித்து நிறுத்தும் என்பது உண்மை. க்ரீம் பலிக்கிறது என்று முதல் இரண்டு மணி நேரம் சத்தியம் செய்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படலம் நீரில் கரையக்கூடியது. பதினொரு மணி வெயிலில் வேர்வை பிடித்ததும் பிசுபிசுக்கும். மறுபடி காய்ந்தால் வெள்ளைப் பொருக்காக உதிர்ந்து, இல்லாத பொடுகை இருப்பதாக ஊருக்குக் காட்டும்.

வரலாற்றுச் சான்றுகளும் நம் பக்கமே. தலைமுடிச் சிக்கலை ஆண்டவன் சந்நிதிவரை கொண்டுபோன மாவட்டம் இது. குடுமியான்மலையில் சுவாமிக்குரிய பூவைத் தன் காதலிக்குச் சூட்டிய அர்ச்சகர், அதையே அரசனுக்குப் பிரசாதமாகக் கொடுத்து, பூவில் முடி இருந்ததால் மாட்டிக்கொண்டு, சுவாமிக்கே முடி உண்டு என்று சாதித்தார். பக்தனைக் காப்பாற்ற லிங்கம் குடுமியோடு காட்சி தந்தது என்பது தலபுராணம். சுவாமியின் பெயரும் சிகாநாதர். ஆய்வாளன் கவனிக்க வேண்டியது, வெளிப்பட்டது பறக்கும் முடியாக இல்லாமல் முடிந்த முடியாக இருந்தது என்பதை. பாலும் தயிரும் தேனும் நாள்தோறும் அபிஷேகமாகின்றன. ஆனால் எல்லாம் கடைசியில் நீரூற்றி அலசப்படுகின்றன, எதுவும் தலையில் விட்டுவைக்கப்படுவதில்லை. சித்தன்னவாசல் குகைத்தூண்களில் 9ஆம் நூற்றாண்டு ஓவியர் தீட்டிய ஆடல்மகளிரின் கூந்தலும் அள்ளி முடிந்து பூச்சூடியதே. அரசுப் பள்ளி மாணவிகளின் எண்ணெய் வைத்த இரட்டைச் சடையும் ரிப்பனும் இந்த மரபின் உயிருள்ள கிளை.

எதிர்வாதங்கள் வராமலில்லை. பாட்டிமார் வடிகஞ்சி தேய்க்கவில்லையா என்பார்கள். தேய்த்தார்கள், சீயக்காயிலோ, உசிலை இலையை இடித்த அரப்பிலோ கலந்து தேய்த்து, குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி அலசினார்கள். அலசும் பொருளை அலசாமல் விட்டுவிட்டுப் பாட்டியைச் சாட்சிக்கு இழுப்பது முறையாகாது. சித்திரை நண்பகலில் விராலிமலை, அன்னவாசல் பக்கம் காற்று காய்ந்து கிடக்கிறதே, ஹெல்மெட்டும் பாலியெஸ்டர் சட்டையும் ஏசி அறையும் வந்துவிட்டனவே என்பது கனமான ஆட்சேபம். ஏற்கிறோம். அங்கே சீப்பு சடசடக்கத்தான் செய்யும். அதற்கு மரச்சீப்பும் விரல் நுனி எண்ணெயும் போதும், பாத்திரம் நிறையக் குழம்பு வேண்டாம். சுருட்டை முடிக்குத் தண்ணீர் தேவை என்பதும் சரியே. அந்தத் தண்ணீர் குளிக்கும்போதே கிடைத்துவிடுகிறது. பிறகு வேண்டியது அதைக் காக்கும் மூடி. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அது முடிக்குள் நுழைந்து, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்று 2003இல் வெளிவந்த ரெலே, மொகிலே ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அதைச் செய்யவில்லை. ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்துக்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுவதே மரியாதை. எண்ணெய் வழிந்தால் பட்டிக்காடு என்பார்களே என்ற கடைசி ஆட்சேபத்துக்கு அறிவியலில் பதில் இல்லை, அளவில் உண்டு. வழியும் அளவுக்கு வைக்கச் சொன்னது யார்?

முடிவாகத் தீர்ப்பு. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகும் ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை நிற்கிறது; செக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. துண்டால் கசக்காமல் ஒற்றியெடுத்த ஈரத்தலையில் நாலு சொட்டை உள்ளங்கையில் பரப்பித் தடவிப் பின்னிக்கொள்ளுங்கள். க்ரீம் செய்தே தீருவேன் என்பவர்கள் கிளிசரினைத் தவிர்த்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் செய்யுங்கள். பதப்படுத்தும் மருந்து சேராத கஞ்சிக் குழம்பு நம் ஊர் வெயிலில் மறுநாளே புளித்துவிடும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள், வீட்டில் யாராவது மோர்க்குழம்பென்று சூடுபண்ணிவிடுவார்கள்.