கேமராவும் கையுமாய்

கேள்வி: ஐயா, என் மகன் வேலையை விட்டுவிட்டு, படம் எடுக்க ஒரு வருடம் வெளிநாடு சுற்றப் போகிறானாம். உருப்படுவானா?
- ஒரு தாயார், காப்பார்

பதில்: இதே கேள்வியை ஏ.கே. செட்டியார் வீட்டிலும் கேட்டிருப்பார்கள், அம்மா. வட்டித்தொழிலுக்குப் பேர்போன சீமையில் பிறந்தவர், தோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் போய்ப் புகைப்படக்கலை படித்தார். 1937-இல் கப்பலில் போகும்போது காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் வந்தது. விட்டாரா? சுமார் 1,00,000 மைல் அலைந்தார், 50,000 அடி பிலிம் சேர்த்தார், 1940-இல் படத்தை வெளியிட்டார். உருப்படாமல் போனவர் பட்டியலில் அவரைச் சேர்க்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் மகனிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் ஊர் மின்நிலையத்துச் சாம்பல் குளங்களுக்குச் சைபீரியாவிலிருந்தெல்லாம் கரைப்பறவைகள் வருகின்றனவே, அவற்றை எடுத்துவிட்டானா? இல்லையென்றால் முதல் வெளிநாட்டுப் பயணிகளை மோட்டார் சைக்கிள் தூரத்திலேயே பிடிக்கலாம். விசா வேண்டாம், பெட்ரோல் போதும்.

அப்படியும் கிளம்பினால், உதிரி பேட்டரிகளைக் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அவற்றுக்கு அனுமதி இல்லை. பெட்டியில் காலியாகும் இடம் உங்கள் ஊறுகாய்க்கு.