புட்டி திரும்பும், குடித்தவர்?

காலி மதுப்புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருகிறார்களாமே. குடித்தவரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருபவருக்கு என்ன தருவார்கள்?
— ஒரு வாசகர், ஆண்டிமடம்

புட்டியின் பேரில் வாங்கியது முன்பணம், ஆகவே திரும்பி வருகிறது. குடித்தவர் பேரில் வாங்கியது வரியாயிற்றே!

எனினும், காட்டில் எறியப்பட்ட கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழிக்கக்கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதன் பயனாக, 2022-இல் நீலகிரியில் தொடங்கி, அவ்வாண்டிலேயே உங்கள் அண்டை மாவட்டமாகிய பெரம்பலூருக்கும் வந்துசேர்ந்த அத்திட்டத்தை, விற்றவருடைய கடமை கல்லாவில் காசு விழுந்த க்ஷணத்தோடு தீர்ந்துவிடுவதில்லை என்ற தர்மத்தை அது ஓரளவேனும் ஒப்புக்கொள்வதால், நான் மனமார வரவேற்கிறேன். யானையின் காலுக்குக் கிடைத்த அந்தக் கருணை, குடித்தவருடைய மனைவி மக்களுக்கும் கிடைக்க வேண்டும்.

2017 மார்ச் முதல் கோக், பெப்சி விற்பதில்லையென்று வணிகர் சங்கங்கள் தீர்மானித்தனவே. அதற்கு மாற்றாக எங்கள் ஊரில் எதைப் பருகுவது?
— மற்றொரு வாசகர், ஆண்டிமடம்

நீங்கள் மிதித்துக்கொண்டு நடப்பதை!

கோடைதோறும் உங்கள் முந்திரித் தோப்புகளில், கொட்டையை மட்டும் திருகியெடுத்துக்கொண்டு மண்ணில் எறியப்படும் பழம், ஆரஞ்சைக் காட்டிலும் பன்மடங்கு வைட்டமின் சி உடையது. தொண்டையைக் கரகரக்கச் செய்யும் அதன் துவர்ப்பையோ, சாற்றில் சிறிது கஞ்சியோ காய்ச்சிய ஜவ்வரிசியோ சேர்த்துத் தெளியவைத்து நீக்கிவிடலாம். கோக், பெப்சிக்காக உறிஞ்சுவதுபோல் இதற்கு ஆற்றையும் உறிஞ்ச வேண்டியதில்லை. கொட்டைக்குக் கடல் கடந்தும் சந்தை கண்ட நமக்கு, பழத்தைப் பிழிய ஊருக்கொரு கூட்டுறவுச் சாலை காண இயலாதா?