கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, பாப்பா!

கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் கான்வென்ட். ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே பட்டியல் வந்துவிடுகிறது. பூ கூடாது. வளையல், கொலுசு, மருதாணி கூடாது. பொட்டு கடுகளவு. தமிழில் பேசினால் ஃபைன். அசெம்பிளியில் கண்ணை மூடி ஜெபம். மீறினால் டைரியில் சிவப்பு மை.

அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் மாணவரை மத வழிபாட்டுக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு. சிறுமி என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். கவலை வேண்டாம். 'விதிகளுக்குக் கட்டுப்படுகிறேன்' என்ற வரிக்குக் கீழே அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டாயிற்று. அன்று ராத்திரியே வாட்ஸ்அப்பில், நம் பண்பாடு அழிகிறதே என்று பொங்கியவரும் அவரேதான்.

நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் யாரும் நன்கொடை வாங்குவதில்லை. 'கட்டிட நிதி' வாங்குகிறார்கள். ரொக்கமாக. அந்த ரூபாய்க்கு மதம் கிடையாது, ஃபைனும் கிடையாது.

யாருமே சீந்தாத காலத்தில் பெண்களுக்கு எழுத்தறிவித்தவை மிஷன் பள்ளிகள். மறுக்கவில்லை. அந்தப் புண்ணியத்தைக் காட்டித்தான் இன்று வசூல். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் என்றது 2009-ன் கல்வி உரிமைச் சட்டம். இந்தக் கான்வென்ட் போன்ற சிறுபான்மைப் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது என்றது 2014-ல் உச்ச நீதிமன்றம். தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்தவப் பள்ளிகளில் படிப்பவர்களில் 74 சதவீதம் சிறுபான்மையினரே அல்ல. எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்தால், நலிந்த பிரிவுக் குழந்தைகள் 8.76 சதவீதம். சிறுபான்மையினருக்கான பள்ளியும் இல்லை, ஏழைக்கான பள்ளியும் இல்லை. போர்டில் மட்டும் இரண்டும் உண்டு.

இந்து டிரஸ்ட் பள்ளிக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். அங்கே முஸ்லிம் வீட்டுப் பெண் சுலோகம் ஒப்பிக்கிறாள். சாமிதான் வேறு. கட்டிடம் அங்கேயும் கட்டி முடிந்தபாடில்லை.

நிர்வாகத்துக்கு, சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவு இருக்கிறது. அப்பாவுக்குக் கௌரவம் கிடைத்தது. சர்க்காருக்கு ஒரு பிள்ளையின் செலவு மிச்சம். பெரியவர்கள் எல்லோருக்கும் சௌகரியம். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டியவள் பதினொரு வயதுக்காரி.

அதே ஊரில் அரசுப் பெண்கள் பள்ளியும் இருக்கிறது. பூ வைக்கலாம். தமிழ் பேசலாம். கட்டிட நிதி கிடையாது. கழிப்பறையில் தண்ணீரும் வகுப்பில் ஆசிரியரும் குறையாமல் இருந்தால் இந்தக் கூத்து எதற்குமே தேவையில்லை. அதற்கு மட்டும் இந்த நாட்டில் நிதி வசூலாவதே இல்லை.