பேஜ் மூணுக்கு ஒரு காரணம் வேணும்

(ஒரு நாளிதழின் இரவு டெஸ்க். செய்தி ஆசிரியர் சிதம்பரம். புதிதாகச் சேர்ந்த சப்-எடிட்டர் கயல்விழி.)

சிதம்பரம்: ஏம்மா, அந்த மாணவி செய்தி என்னாச்சு? ‘மார்க் குறைந்ததால் விபரீத முடிவு’ன்னு நாலு காலம் போட்டுடு.

கயல்விழி: மார்க்தான் காரணம்னு யாரு சார் சொன்னா? போலீஸே இன்னும் விசாரிச்சுக்கிட்டு இருக்காங்க.

சிதம்பரம்: அவங்க மெதுவா விசாரிக்கட்டும். நமக்குப் பதினோரு மணிக்கு பேஜ் போகணும்.

(சிதம்பரத்திடம் காரணங்கள் மூன்று உண்டு: மார்க், காதல், கடன். வயதைச் சொன்னால் போதும், எதுவென்று எடுத்துக் கொடுத்துவிடுவார்.)

கயல்விழி: எப்படி நடந்ததுன்னு ரிப்போர்ட்டர் மூணு பத்தி எழுதியிருந்தார். எடுத்துட்டேன். கடிதத்தோட படத்தையும் எடுத்துட்டேன்.

சிதம்பரம்: அடப்பாவமே! அப்புறம் செய்தியில என்னம்மா மிச்சம்?

கயல்விழி: இதெல்லாம் போடக் கூடாதுன்னு பிரஸ் கவுன்சில் 2019லயே சொல்லிடுச்சு சார். வியன்னாவுல சுரங்க ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பா எழுதின காலத்துல எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு. 1987ல எழுதுற விதத்தை மாத்தினாங்க. அப்புறம் பாதிக்கு மேல குறைஞ்சுது.

சிதம்பரம்: சர்க்குலேஷனா?

கயல்விழி: சாவு சார்.

சிதம்பரம்: ஓ. நாமளும் பொறுப்பாத்தானே இருக்கோம்? கடைசியில ‘104-ஐ அழையுங்கள்’னு போடுறோமே.

கயல்விழி: போன தடவை அந்த வரியைத்தான் இடமில்லைன்னு வெட்டினீங்க. பக்கத்துல நகைக்கடை விளம்பரம்.

சிதம்பரம்: கால் பக்க விளம்பரம்மா அது! சரி, அதை விடு. பஸ் மேல கல்லெறிஞ்சவன் செய்திக்கு என்ன தலைப்பு? ‘மனநோயாளி வெறிச்செயல்’தானே?

கயல்விழி: கல்லு பஸ் மேல படவே இல்ல சார். சில்லறைத் தகராறுன்னு ரிப்போர்ட்டரே எழுதியிருக்கார்.

சிதம்பரம்: போட்டோவுல தலைமுடியைப் பாரும்மா. சில்லறைத் தகராறு மாதிரியா இருக்கு?

(தொலைபேசி மணி. சிதம்பரம் எழுந்து நின்றே பேசுகிறார்.)

சிதம்பரம்: சொல்லுங்க எம்.டி. சார்… அட, உங்க மச்சானா? மனநல வார்டுலயா? கவலையே படாதீங்க. 2017 மனநலச் சட்டம், 24வது பிரிவு. சிகிச்சையில இருக்கறவர் சம்மதம் இல்லாம படமோ விவரமோ எவனும் போட முடியாது. மத்த பத்திரிகைக்காரங்ககிட்ட நானே பேசிடறேன். அதுவும் ஒரு வியாதிதானே சார், சர்க்கரை மாதிரி. மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்.

(போனை வைக்கிறார்.)

கயல்விழி: சார், அந்தப் பிரிவு உங்களுக்குத் தெரியுமா?

சிதம்பரம்: முப்பது வருஷ சர்வீஸ்மா!

கயல்விழி: அப்போ பஸ் மேல கல்லெறிஞ்சவர் படத்தையும் எடுத்துடட்டுமா? அவரையும் போலீஸ் மனநல ஆஸ்பத்திரியிலதான் சேர்த்திருக்காங்க. நம்ம போட்டோகிராபர் ஜன்னல் வழியா எடுத்த படம் இது.

சிதம்பரம்: அவன்தான் சம்மதம் கொடுத்துட்டானேம்மா. கேமராவைப் பாத்துச் சிரிக்கிறான் பாரு!