கொழுந்தும் கோப்பையும்

கேள்வி: ஆவணப்படங்களுக்கென்று ஆண்டுதோறும் விருது விழா நடத்துகிறார்களே, தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அதனால் என்ன லாபம்?
– வாசகி, வத்தேகம

பதில்: கோப்பை இயக்குநர் வீட்டு அலமாரிக்குப் போகும், ஊர் பேர் உலகத்துக்குப் போகும். அதுதான் லாபம்!

பிரிட்டனில் ஆண்டுதோறும் வழங்கும் ஆவணப்பட விருதுக்கு ஜோன் கிரியர்சன் பெயர். அவர் தயாரித்து, பேசில் ரைட் இயக்கிய ஆவணப்படம்தான் 'சோங் ஒஃப் சிலோன்' (1934). பணம் போட்டது தேயிலைப் பிரசார சபை. பின்னணிக் குரல் நம் லயனல் வென்ட். அவர் வாசித்தது, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டு கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து. 1935இல் பிரசல்ஸ் திரைவிழாவில் படத்துக்கு முதற்பரிசு.

அதில் ஒரு பகுதியில் திரையில் தேயிலைத் தோட்டம்; காதில் சந்தை விலை! கொழுந்து பறித்த பெண் தன் கதையைச் சொல்ல இடமே இல்லை. ஆனால் முதுமலைப் பொம்மனும் பெள்ளியும் யானைக்குட்டி வளர்த்த கதையைத் தமிழிலேயே சொன்னார்கள். அந்தப் படமான 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஒஸ்கார் வென்றது.

கமரா இப்போது உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. கொழுந்துக்கு விலையை யாரோ சொன்னார்கள். கதையை நீங்களே சொல்லுங்கள், தங்கச்சி!